நான்கு வருட வீட்டு பீர்: ஈஸ்டை முன்கூட்டியே தயார்செய்த அனுபவம்

லண்டனில் எங்கள் வீட்டு அடுக்களையில் பீர் காய்ச்சத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் 20 லிட்டர். மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹாப்ஸையும் (கசப்பும் மணமும் தரும் பூ) மாற்றி மாற்றிப் பார்த்ததில் கிடைக்காத முன்னேற்றம், பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்டை முந்தின நாளே தயார்செய்யத் தொடங்கியதும் கிடைத்தது.

முதல் வருடம் திரவ ஈஸ்டைப் பாக்கெட்டிலிருந்து அப்படியே ஊற்றிவிடுவேன். ஒருமுறை வாங்கிய பாக்கெட் தயாராகி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் திரவ ஈஸ்டில் உயிருள்ள செல்கள் மாதத்துக்கு மாதம் குறையும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்று நாள் நுரையே எழவில்லை. கடைசியில் பச்சை ஆப்பிள் வாடையோடு வந்த பீரைக் கொட்ட வேண்டியதாயிற்று. மனசே ஆறவில்லை.

அப்புறம்தான் ஸ்டார்ட்டர் போட, அதாவது ஈஸ்டை முதலில் கொஞ்சம் மால்ட் கரைசலில் பெருக்கிக்கொள்ள, பழகினேன். 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர் மால்ட் பொடியைக் கரைத்து 10 நிமிடம் கொதிக்கவிடுவேன். குறுகிய வாய்க் குடுவையில் கொதிக்கவைத்தால் பொங்கி அடுப்பெல்லாம் பிசுபிசுக்கும். அகலமான பாத்திரமே நல்லது. 20 டிகிரிக்கு ஆறியதும் சானிடைசரில் கழுவிய குடுவைக்கு மாற்றி ஈஸ்டைச் சேர்ப்பேன். மூடியை இறுக்கக் கூடாது, அலுமினியத் தாளைத் தளர்வாகச் சுற்றினால் போதும். காற்று உள்ளே போனால்தான் ஈஸ்ட் நன்றாகப் பெருகும். காந்தக் கலக்கி இல்லாத இரண்டு வருடமும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையால் குலுக்கிவிட்டேன், அதுவும் வேலை செய்தது. மறுநாள், பீருக்காகக் காய்ச்சி ஆறவைத்த மால்ட் கரைசலில் இதைச் சேர்த்தால் எட்டு, பத்து மணி நேரத்தில் நுரை எழும்புகிறது.

உலர் ஈஸ்டுக்கு இந்த வேலை வேண்டாம். நான் அதிகம் பயன்படுத்தும் சாஃப்ஏல் யூஎஸ்-05 பாக்கெட்டில் 11.5 கிராம் இருக்கும்; 20 லிட்டருக்கு அது தாராளம். சாதாரண ஏலுக்கு (ஒரு பீர் வகை) நேரடியாகத் தூவிவிடுகிறேன். கனமான, ஆல்கஹால் அதிகமுள்ள பீர் என்றால் மட்டும், கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில், ஈஸ்டின் எடையைப்போல் பத்து மடங்கு அளவில், சற்று நேரம் ஊறவைப்பேன்.

ஸ்டார்ட்டரில் எனக்கு மிகவும் பிடித்தது, ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்பது காய்ச்சும் முன்பே தெரிந்துவிடுவதுதான். போன மாதம் ஒரு நாள் முழுக்கக் கழிந்தும் குடுவையில் நுரையும் இல்லை, அடியில் வெள்ளைப் படிவும் சேரவில்லை. ஃப்ரிட்ஜில் எப்போதும் வைத்திருக்கும் உலர் ஈஸ்ட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, திட்டமிட்டபடியே ஞாயிற்றுக்கிழமை காய்ச்சினேன்.