பிடிஎஃப்பில் கன்ஃபர்ம், ரயிலில் இடமில்லை

தெருமுனைக் கடையில் ரயில் டிக்கெட் எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் நாங்கள் ஏமாந்த கதை.

தம்பி ராணுவத்தில் இருக்கிறான், இப்போது அசாமில் திப்ரூகர் பக்கம். அவன் மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கோவையிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். கன்னியாகுமரியில் புறப்பட்டு 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி. நடுவழியில் கோவையில் ஏறினாலும் இரண்டரை நாள் ஆகும். அம்மா புளியோதரை, தக்காளித் தொக்கு, முறுக்கு என்று தனியாக ஒரு பையே கட்டியிருந்தார்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். நான் விழித்துக்கொண்டபோது இரண்டு வாரம்தான் பாக்கி. வீட்டுப் பக்கத்துக் கடைக்காரர், "கவலையே படாதீங்க சார், கன்ஃபர்ம் பண்ணித் தர்றேன்" என்றார். கட்டணத்துக்கு மேல் தலைக்கு 500 ரூபாய். புறப்படுவதற்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. நாலு ஸ்லீப்பர் பெர்த், எல்லாம் கன்ஃபர்ம்.

திருப்பூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். கையிலிருந்த கருவியில் எங்கள் பெயரே இல்லை. என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "81, 82னு போட்டிருக்கு. இந்தப் பெட்டி 80ஓட முடிஞ்சிருதுங்க." பெர்த் எண் இருந்த வரி மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் தடிமன். அவர் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நடந்தது இதுதான். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கில் காத்திருப்பு டிக்கெட் போட்டு, பிடிஎஃப்பில் அதைக் கன்ஃபர்ம் என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், தயாரானதும் இடம் கிடைக்காத இ-டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், பணமும் டிக்கெட் எடுத்தவர் கணக்குக்கே திரும்பிவிடும். மொபைல் எண்ணும் அவருடையது என்பதால் எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. டிக்கெட்டில் இருந்த பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண் உண்மையானதுதான். ரயில்வே விசாரணை எண் 139க்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். பிடிஎஃப்பை நம்பிச் சும்மா இருந்துவிட்டேன், அது என் தப்பு.

தலைக்கு 250 அபராதம், சேலம் வரை கட்டணம் தனி. பரிசோதகர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பெட்டி நிரம்பி வழிந்தது, அவர் என்ன செய்வார்? சேலத்தில் இறங்கி, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். சின்னவன் மட்டும், "அசாம் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கடைக்காரர் முதலில் "சிஸ்டம் மிஸ்டேக் சார்" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் என்றால் டிக்கெட்டிலேயே ஏஜென்சி பெயர் இருக்கும். சொந்தக் கணக்கில் எடுத்து விற்பது ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவில் குற்றம், மூன்றாண்டு வரை சிறைகூட உண்டு. கடையில் கொடுத்தாலும் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், சார்ட் வந்ததும் பிஎன்ஆரை நீங்களே பாருங்கள்.

ஜிபே ரசீதையும் அந்தப் பிடிஎஃப்பையும் வைத்து ரயில்வே பாதுகாப்புப் படையிடம் புகார் கொடுத்திருக்கிறேன். பிறந்தநாளை வீடியோ காலில் பார்த்தோம். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.