குட்டைப் பாசிக்கு எது: துருசா, ஏரேட்டரா, வாய்க்காலை மாற்றுவதா?

போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில் எங்கள் பண்ணைக்குட்டை பச்சைப் பெயின்ட் கொட்டினதுபோல ஆகிவிட்டது. குடியாத்தம் பக்கம் நிலம். குட்டை முப்பதுக்கு முப்பது மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், உள்ளே கட்லாவும் ரோகுவும். வந்தவர் போனவரெல்லாம் சொன்னதைக் கூட்டிக் கழித்தால் மூன்று வழி. ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டேன், இன்னொன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன், மூன்றாவதைத்தான் இப்போது செய்கிறேன். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

துருசு, அதாவது காப்பர் சல்பேட், மலிவு, வேகம். “மூணு கிலோ கரைச்சு ஊத்துங்கணா, ரெண்டே நாள்ல தெளிஞ்சிடும்” என்றார் கடைக்காரர். தெளிந்தது. மூன்றாம் நாள் விடிகாலை மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன, பாதி செத்தது. அளவுதான் தப்போ என்று பிறகு கணக்குப் போட்டேன். தண்ணீரின் காரத்தன்மையை (பரிசோதனையில் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் வரும், pH அல்ல) 100-ஆல் வகுத்தால் வருவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் துருசு. எனக்கு 200 இருந்தது, 13.5 லட்சம் லிட்டருக்கு 2.7 கிலோ ஆகிறது. (காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் துருசைத் தொடவே கூடாது.) ஆக, பெரிதாகத் தப்பவில்லை. செத்த பாசி ஒரே நேரத்தில் அழுகித் தண்ணீரிலிருந்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டதுதான் மீனைக் கொன்றது. குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். நீலப்பச்சைப்பாசி என்றால் இன்னொரு ஆபத்து: செல் உடையும்போது உள்ளிருக்கும் நஞ்சு தண்ணீரில் கலக்கும். அந்தச் சமயத்தில் மாட்டுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் நான்கே வாரத்தில் குட்டை பழையபடி பச்சை.

ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம், மீனைக் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட். அடிச்சேற்றுக்கு ஆக்சிஜன் போனால் அங்கே இரும்போடு ஒட்டியிருக்கும் பாஸ்பரஸ் (பாசிக்குச் சோறாகும் மணிச்சத்து) சுலபத்தில் கழன்று வராது என்பதும் சரியான பேச்சு. ஆனால் என்னிடம் அது மூன்று வாரம்தான் இருந்தது, அதற்குள் தண்ணீர் நிறம் மாறவில்லை. வருஷக்கணக்கில் ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது, மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் அசோலா என்ற மிதக்கும் செடியின் வீட்டுத் தொட்டி. அசோலாவுக்கு யாரும் யூரியா போடுவதில்லை. அதன் இலைக்குள் இருக்கும் நீலப்பச்சைப்பாசியே காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துக்கொள்கிறது. நாம் போடுவது சூப்பர் பாஸ்பேட். குட்டைப் பாசியிலும் அந்த வித்தை தெரிந்த இனங்கள் உண்டு. காற்றிலிருந்து வராதது மணிச்சத்து. அதை நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். 50 கிலோ டிஏபி உர மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. நடவுக்கு முன் போட்டு, மறுநாள் மழை அடித்தால் வயல் வடிகால் நேராகக் குட்டைக்கு. மாட்டுக்கொட்டகை கழுவின தண்ணீரும் அதே வழி. துருசு பாசியைக் கொன்றாலும் பாஸ்பரஸ் எங்கும் போகவில்லை: சேற்றில் இறங்கி, திரும்பத் தண்ணீருக்கு வந்து, அடுத்த பாசிக்குச் சோறானது. அதை வெளியே எடுத்துப் போட்டால்தான் உண்டு.

ஆடிக்கு முன் குட்டையை வற்றவிட்டு அரை அடி சேற்றை அள்ளினோம். நாற்பது டிராக்டர் லோடுக்குக் குறையாது, எல்லாம் தென்னைக்கும் வாழைக்கும். கொட்டகைத் தண்ணீரைத் தீவனப்புல்லுக்குத் திருப்பினேன். வயல் வடிகால் மட்டும் முதலில் ஒரு சின்ன குழியில் தங்கி, சத்தை உறிஞ்சிக்கொள்ளக் கல்வாழையும் வெட்டிவேரும் வைத்த வாய்க்கால் வழியாகக் குட்டைக்கு வருகிறது.

செலவு ஒருதரம், வேலை வருஷம் முழுக்க. யாரும் சொல்லாத பாடு இதுதான். கல்வாழையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும். வெட்டினதைத் தூக்கி வெளியே கொண்டுபோக வேண்டும். முதல்முறை சோம்பல்பட்டுக் கரையிலேயே குவித்தேன், மழையில் அழுகி மொத்தமும் குட்டைக்கே திரும்பியது. குழிச் சேற்றையும் மழைக்கு முன் வாரிவிடணும். ஆள் கிடைக்காத வீட்டுக்கு இந்த வழி ஒத்துவராது. ஊர்ச் சாக்கடை விழும் பெரிய ஏரிக்கு இந்த அளவு வாய்க்கால் எந்த மூலைக்கு? அங்கே சாக்கடையைத் தடுப்பதுதான் முதல் வேலை.

நான் பார்த்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும். இந்த அக்னி நட்சத்திரத்தில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தது. மீன் வளர்க்கிற குட்டைக்கு அவ்வளவு பச்சை வேண்டியதுதான். ஏரேட்டர் கொடுத்த பங்காளியிடம் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.