ஜெர்மனியின் ஸ்டூடியன்கொலேக்: கட்டணம் இல்லை, சலுகையும் இல்லை

ப்ளஸ் டூ முடித்தவுடன் ஜெர்மனியில் இளங்கலை படிக்கலாம், அதுவும் இலவசமாக என்று சொல்லும் விளம்பரங்கள் நடுவில் இருக்கும் ஓராண்டைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இந்திய ப்ளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி இருந்தாலோ, அங்கீகாரம் பெற்ற இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டை வெற்றிகரமாக முடித்திருந்தாலோ அதே துறையில் நேரடி வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்கு ஸ்டூடியன்கொலேக் என்ற ஆயத்தக் கல்லூரிதான் வழி. எந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பது அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஏஜென்டிடம் போகும் முன் அதைப் பார்ப்பது நல்லது, செலவும் கிடையாது.

இங்கே மதிப்பிடுவது அரசு ஸ்டூடியன்கொலேக்குகளையும், அவற்றுக்கு மாற்றாக விற்கப்படும் தனியார் கல்லூரிகளையும். லைப்சிக், ஹாலே, கோத்தென், நோர்ட்ஹவுசன், ஹனோவர், ஹாம்பர்க், டார்ம்ஸ்டாட், மார்புர்க், மைன்ஸ், ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூ, மியூனிக் ஆகிய ஊர்களில் அரசு அல்லது பல்கலைக்கழகம் நடத்தும் கல்லூரிகள் உள்ளன. கோபுர்க் போன்ற சில கல்லூரிகள் ஃபாக்ஹோக்ஷூலே எனும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே தயார் செய்பவை. அங்கே தேறியவர் வழக்கமான பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் கதவு திறக்காது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

படிப்பு இரண்டு செமஸ்டர். வாரத்துக்கு 28 முதல் 32 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். வருகைப்பதிவு கட்டாயம். பொறியியல், கணிதம், இயற்பியல் போகிறவர்களுக்கு டி கோர்ஸ்; மருத்துவம், உயிரியல், மருந்தியலுக்கு எம் கோர்ஸ்; பொருளாதாரம், சமூக அறிவியலுக்கு டபிள்யூ கோர்ஸ்; வரலாறு, இலக்கியம் போன்றவற்றுக்கு ஜி கோர்ஸ். எதில் சேரலாம் என்பது பெரும்பாலும் ப்ளஸ் டூவில் எடுத்த குரூப்பைப் பொறுத்தது. வணிகவியல் படித்தவர் டி கோர்ஸுக்கு மாற நினைத்தால் நடக்காது. டி கோர்ஸில் ஜெர்மன், கணிதம், இயற்பியல் ஆகியவற்றோடு வேதியியலோ கணினியியலோ சேரும். அறிவியல் பாடப்பகுதிகளில் பாதிக்கு மேல் ப்ளஸ் டூ கணித-அறிவியல் குரூப் மாணவருக்குப் பழக்கமானவைதான். எல்லாமே ஜெர்மனில் வருவதுதான் சுமை.

இந்தச் சேவையின் மிகக் கடினமான பகுதி வாசலிலேயே இருக்கிறது. கல்லூரி அனுப்பும் கடிதத்தைப் பலர் சேர்க்கைக் கடிதம் என்று நினைத்துக் கொண்டாடிவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வு எழுத அனுமதி என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இராது. ஜெர்மன் தேர்வில் பெரும்பாலும் சி-டெஸ்ட் வைக்கிறார்கள். நாலைந்து சிறு பத்திகள் இருக்கும். முதல் வாக்கியம் முழுதாக இருக்கும். இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதி காணாமல் போயிருக்கும். பத்திக்குச் சுமார் 20 இடைவெளி, சுமார் 5 நிமிடம். சொல் தெரிந்தால் போதாது. வேற்றுமை உருபுக்கேற்ப மாறும் ஈறு, பன்மை, வினைமுடிவு எல்லாம் சரியாக விழ வேண்டும். காதால் கேட்டுப் பேசக் கற்றவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிகளாக அளக்கிறார்கள். அறிவிப்பில் பி1 போதும் என்று போட்டிருக்கும் கல்லூரிக்கும் பி2 முடித்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே இன்ஸ்டிடியூட் கணக்கில் பி2 வரை வர 600 முதல் 800 பாடவேளைகள் ஆகும். அதன் சென்னைக் கிளையான மாக்ஸ்முல்லர் பவனில் ப்ளஸ் ஒன் தொடங்கும்போதே ஏ1 சேர்ந்தால்தான் ப்ளஸ் டூ முடியும் வேளையில் பி1 தாண்டியிருக்க முடியும். ஆறு மாத கிராஷ் கோர்ஸில் பி2 என்று விற்பவர்கள் சான்றிதழைத் தரக்கூடும். சி-டெஸ்டில் அது செல்லாது.

கணிதத் தேர்வில் வழக்கமாகக் கால்குலேட்டர் கிடையாது, சூத்திரத் தாளும் கிடையாது. பின்னங்கள், அடுக்குகள், மூலங்கள், மடக்கை, இருபடிச் சமன்பாடு, சமனிலிகள், முக்கோணவியல். நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடுவதில் பயமில்லை. குறியீடுதான் காலை வாரும். அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. 2,5 என்றால் இரண்டரை. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. பெருக்கலுக்கு நடுப்புள்ளி, வகுத்தலுக்கு முக்காற்புள்ளி. சமன்பாட்டைத் தீர்த்துவிட்டு எக்ஸ் இவ்வளவு என்று நிறுத்தினால் மதிப்பெண் குறையலாம். முதலில் எந்த எண்களுக்கு அது பொருந்தும் என்று வரையறைக் கணத்தைச் சொல்லி, கடைசியில் தீர்வுக் கணத்தையும் எழுத வேண்டும். பரவளையத்தின் உச்சிக்கு ஷைட்டல்புங்க்ட் என்று பெயர். அந்த ஒரு சொல் தெரியாமல் முழுக் கணக்கையும் விட்டவர்கள் உண்டு. பழைய வினாத்தாள் மாதிரிகளைப் பல கல்லூரிகள் தங்கள் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. அவற்றைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.

உள்ளே போனவர்களுக்குக் கிடைக்கும் கற்பித்தல் நன்றாகவே இருக்கிறது. சிறு வகுப்புகள், அனுபவமுள்ள ஆசிரியர்கள். ஜெர்மன் பாடத்தைப் பேச்சு வழக்காக நடத்தாமல், விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பது, வரைபடத்தை விவரிப்பது, அறிவியல் வாக்கிய அமைப்பை மாற்றி எழுதுவது என்று நடத்துகிறார்கள். வினாத்தாளில் வரும் கட்டளை வினைச்சொற்களைப் படிக்கப் பழக்குவது இதில் மிக உருப்படியான பகுதி. கணக்கிடு என்றால் விடை வேண்டும். வருவி என்றால் படிப்படியாகச் சூத்திரம் வேண்டும். விளக்கு என்றால் முழு வாக்கியங்களில் காரணம் வேண்டும். கோனார் நோட்ஸ் பாணியில் மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம் முதல் செமஸ்டரிலேயே அடிபடும். அது நல்லதற்குத்தான், மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போது வலித்தாலும்.

முடிவில் எழுதும் தகுதித் தேர்வை எஃப்.எஸ்.பி. என்பார்கள். அதன் விதிமுறைகளின் அடிப்படை, ஜெர்மன் மாநிலக் கல்வியமைச்சர்கள் மாநாடு வகுத்த பொதுச் சட்டகம். தேர்வுக் குழுவை மாநில அரசு மேற்பார்க்கிறது. அதனால்தான் ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் நாடு முழுக்கச் செல்கிறது. இதில் ஜெர்மன் பாடத்தில் தேறினால் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தனி மொழிச் சான்று தேவைப்படாது. தோற்றால் ஒரு முறை திரும்ப எழுதலாம். அதற்கு மேல் வாய்ப்பில்லை.

தனியார் கல்லூரிகளைப் பார்க்கும்போது இந்த மேற்பார்வையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கட்டடம், விடுதிப் படம், விமான நிலையத்தில் வரவேற்பு எல்லாம் பிறகு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசிச் சான்றிதழில் முத்திரை குத்துவது யார்? சில தனியார் கல்லூரிகளுக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறது. அவையே தேர்வு நடத்துகின்றன. அங்கீகாரம் இல்லாதவை மாணவரைத் தயார் செய்து, வேறோர் அரசுக் கல்லூரியில் வெளித்தேர்வராக எழுத அனுப்புகின்றன. அப்படி எழுதுபவருக்கு ஆண்டு முழுக்க வாங்கிய வகுப்பு மதிப்பெண் கணக்கில் சேராது. அரசுக் கல்லூரி மாணவருக்கு அது கைகொடுக்கும். வெளித்தேர்வருக்கு எல்லாம் தேர்வு நாளன்றுதான். பல ஆயிரம் யூரோ கட்டியும் அதிக ஆபத்தை விலைக்கு வாங்குவதாகவே இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது வகை, ஆங்கிலத்தில் நடத்தப்படும் ஆயத்த ஆண்டு. அதன் சான்றிதழ் பெரும்பாலும் ஒப்பந்தம் உள்ள ஒரு சில கல்வி நிறுவனங்களில் மட்டும் செல்லும். அந்த நிறுவனத்தில்தான் படிக்கப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் தவிர்க்கலாம்.

மதிப்பெண் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை. இந்திய மதிப்பெண்ணை மாற்றப் பயன்படுத்தும் சூத்திரம் எளியது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து வாங்கியதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 600க்கு 510 வாங்கியவருக்கு, தேர்ச்சி எல்லை 210 என்று கொண்டால், 90ஐ 390ஆல் வகுத்து 3ஆல் பெருக்கி 1 கூட்ட, ஏறத்தாழ 1.7 வரும். சேர்க்கையின்போது இதையும் எஃப்.எஸ்.பி. மதிப்பெண்ணையும் பொதுவாகச் சரிபாதியாகச் சராசரி எடுப்பார்கள். எஃப்.எஸ்.பி.யில் 2.3 வந்தால் சராசரி 2.0. இயந்திரப் பொறியியலுக்குப் பல இடங்களில் இது தாராளமாகப் போதும். மருத்துவத்துக்கு இது பெரும்பாலும் எடுபடாது; ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான ஒதுக்கீடே மிகச் சிறியது. எம் கோர்ஸில் தேறிவிட்டு இடம் கிடைக்காமல் நிற்பது அரிதல்ல. ஸ்டூடியன்கொலேக் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடம் தருவதாக வாக்களிப்பதில்லை என்பதை எம் கோர்ஸ் ஆசைப்படுபவர்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

செலவு: அரசுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும், பல ஊர்களில் அதிலேயே பயணச்சீட்டும் அடங்கும். வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பல கல்வி நிறுவனங்களுக்காகப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் கூடுதலான ஒவ்வொன்றுக்கும் 30. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து, கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அது வந்து சேரக் காலம் பிடிப்பதால் முதலில் தொடங்க வேண்டியது அதைத்தான். விசாவுக்காக, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992 வீதம் எடுக்கலாம். மியூனிக், ஹாம்பர்க் போன்ற ஊர்களில் வாடகையே அதில் பாதியைத் தின்றுவிடும். நோர்ட்ஹவுசன், கோத்தென் போன்ற சிற்றூர்களில் அதே பணத்தில் மூச்சு விட்டு வாழலாம், எஃப்.எஸ்.பி.க்கு எந்த ஊரில் படித்தாலும் ஒரே மதிப்புதான். பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்ற கணக்கு இந்த ஓராண்டில் ஒத்துவராது. வாரம் 30 பாடவேளை, வீட்டுப்பாடம் என்று போனபின் மிஞ்சுவது சனி, ஞாயிறு மட்டும்.

எந்த செமஸ்டரில் தொடங்குவது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இலையுதிர் காலத்தில் தொடங்கினால் அடுத்த கோடையில் எஃப்.எஸ்.பி. முடியும், குளிர்கால செமஸ்டருக்கான வழக்கமான கடைசித் தேதி ஜூலை 15, அதோடு அது ஒத்துப்போகிறது. பிப்ரவரி வாக்கில் தொடங்குபவர் டிசம்பர்-ஜனவரியில் முடிப்பார். ஆனால் பொறியியல் இளங்கலைப் படிப்புகளில் பெரும்பாலானவை அக்டோபரில்தான் தொடங்குகின்றன. நடுவில் எட்டு, ஒன்பது மாதம் கையிலிருந்து வாடகை கட்டிக் காத்திருக்க வேண்டும். குடியிருப்பு அனுமதியை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் விளக்கமும் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அதே ஆண்டு இலையுதிர் கால நுழைவுத் தேர்வு பெரும்பாலும் கைநழுவிப் போகும். அவசரப்பட்டுப் பிப்ரவரியில் நுழைவதைவிட, அந்த ஆண்டை பி2 முடிக்கவும் சி-டெஸ்ட் பழகவும் செலவழித்து, அடுத்த இலையுதிர் காலத்துக்கு விண்ணப்பிப்பதே செலவிலும் குறைவு.