ஃபெர்ரிசயனைடா, ருத்தேனியமா?

அச்சிட்ட கார்பன் மின்முனையைச் சோதிக்கப் பலரும் எடுப்பது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு: 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 5 மில்லிமோலார். விலை குறைவு, வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராகச் சுமார் +0.2 வோல்ட்டில் வேலை செய்வதால் ஆக்சிஜன் தொல்லையும் இல்லை. ஆனால் கார்பன் பரப்பின் அழுக்கும் ஆக்சைடும் அதைச் சட்டென்று பாதிக்கும். உச்ச இடைவெளி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது வரும் இரு மின்னோட்ட உச்சங்களுக்கு இடையிலான தூரம்) 59 மில்லிவோல்ட்டிலிருந்து 200ஐ எட்டினால் குறை பரப்பிலா, மின்தடையிலா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அமிலத்தை அருகில் கொண்டுவரவே கூடாது, சயனைடு ஆயிற்றே!

ஹெக்ஸாஅம்மீன் ருத்தேனியம் குளோரைடு பரப்பின் வேதியியலை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது; பரப்பளவைக் கணக்கிட இதையே நம்பலாம். இதிலும் இடைவெளி அகன்றால் முதலில் மின்தடையைச் சந்தேகியுங்கள். உச்சம் சுமார் −0.2 வோல்ட்டில் வரும். 10 நிமிடம் நைட்ரஜன் செலுத்தாவிட்டால் ஆக்சிஜன் ஒடுக்கமும் கலக்கும். நேர்மின்சுமை உள்ளதால் டிஎன்ஏ பூசிய மின்முனையில் ஒட்டிக்கொள்ளும்.