மண் கட்டியா, எலிப்பொறிக் கட்டா, குழைமண் சுவரா?

கேரளத்தின் பெண்கள் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீயின் அக்காமாரைக் கூட்டி, சூழலைக் கெடுக்காமல் சுவர் எழுப்பக் கற்றுக்கொடுப்பதென்றால் எதைக் கற்றுக்கொடுப்பது? பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி வட்டாரத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறேன்.

பயிற்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அழுத்திய மண் கட்டி. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மண்ணில் 5 முதல் 10 விழுக்காடு வரை சிமெண்ட் கலந்து, ஆரோவில்லில் உருவான ‘ஆரம்’ (Auram) என்ற கருவி போன்ற கைநெம்பு இயந்திரத்தில் அழுத்தினால் போதும். பார்க்க அழகு, படம் எடுக்க அதைவிட அழகு. ஆனால் இங்கே பல காடுகளில் கிடப்பது கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதற்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே பொருந்தும். இல்லையென்றால் செம்மண்ணை லாரியில் ஏற்றி வர வேண்டும். டீசல் எரித்துக் கொண்டுவந்த மண்ணைப் பசுமை என்பது எனக்கு ஒப்பவில்லை. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. சிமெண்ட் இறுகுமுன் கட்டியின் ஈரத்தைக் குடித்துவிடும்; மூடிவைத்து வாரக்கணக்கில் நனைக்க ஆள் வேண்டும். பயிற்சி முடிந்து இயந்திரமும் போய்விட்டால், கற்றது ஏட்டோடு நின்றுவிடும்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு அப்படியல்ல. செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவதால் 9 அங்குலச் சுவருக்குள் 3 அங்குல வெற்றிடம் கிடைக்கிறது. ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். பங்குனி வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. சுட்ட செங்கல்தானே, சூளைப் புகை இல்லையா என்றால், இருக்கிறது. ஆனாலும் இதற்குக் கரண்டியும் தூக்குக்குண்டும் போதும். கலவை உள்ளே விழாதபடி வெற்றிடத்தின்மேல் ஒரு பட்டைப் பலகையை வைத்து, இரு விளிம்பிலும் மட்டும் பரப்பி, பலகையை உருவிவிட வேண்டும். சித்தாளாகவே காலம் தள்ளிய பெண்கள் இந்த ஒரு பழக்கம் கைவந்தாலே கொத்து வேலையில் கால்வாசி தேறிவிடுவார்கள். செங்கல் கோணல் மாணலாக இருந்தால்தான் தொல்லை: ஒரு முகம் நேராக வரும், மறுமுகம் பல்லைக் காட்டும்.

வைக்கோலும் மண்ணும் மிதித்துக் குழைத்த சுவருக்குச் செலவே இல்லை, கணவாய்க் காற்றும் துணை. ஆனால் அடுக்குக்கு அடுக்கு காயவிட வேண்டும், ஆண்டுதோறும் பூச வேண்டும். மாட்டுக்கொட்டகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு எலிப்பொறிக் கட்டு. இயந்திரம்தான் வேண்டும் என்பவர்கள், வாங்குமுன் கண்ணாடிக் குடுவையில் தங்கள் மண்ணை நீரோடு குலுக்கி ஒரு நாள் தெளியவிடட்டும். அடியில் பாதி மணலும் மேலே ஐந்தில் ஒரு பங்கு களிமண்ணும் நின்றால் வாங்கலாம்.