த்ரெட் வாரியாக சிபியூ நேரம்: பயர்பாக்ஸ் ப்ரொஃபைலர் நீண்ட நாள் அனுபவம்

எட்டு கோர் (சிபியூவுக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) உள்ள கணினியில் ஒரே ஒரு த்ரெட் (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடு) முழு மூச்சாக ஓடினால், மொத்தக் கணக்கில் அது வெறும் 12.5 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ‘சிபியூ சும்மாதானே இருக்கிறது’ என்று முடிவுகட்டினால், மென்பொருள் ஏன் திணறுகிறது என்பது கடைசிவரை புரியாது. மென்பொருள் எங்கே நேரம் செலவழிக்கிறது என்று பதிவுசெய்து காட்டும் கருவியான பயர்பாக்ஸ் ப்ரொஃபைலரை நான் பல ஆண்டுகளாக விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்: அது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி வரைபடம் போடுகிறது. வரைபடத்தின் உயரமும் அந்த த்ரெட் உண்மையில் செலவழித்த சிபியூ நேரத்தை வைத்தே வருகிறது.

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம்? இதுபோல இடைவெளி விட்டு மாதிரி எடுக்கும் சாம்ப்ளிங் ப்ரொஃபைலர், வழக்கமாக ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, த்ரெட் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறது. அங்கே அது வேலை செய்ததா, லாக்குக்காக (இன்னொரு த்ரெட் பிடித்து வைத்திருக்கும் பூட்டு) காத்திருந்ததா என்பது பல நேரம் ஸ்டேக்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற அடுக்கு) மட்டும் பார்த்தால் தெரியாது. உயரம் அதைச் சொல்லிவிடுகிறது. மெயின் த்ரெட் தரையோடு படுத்திருக்கிறது, அதே இடைவெளியில் ஒரு வொர்க்கர் (பின்னணியில் வேலை செய்யும் த்ரெட்) உச்சியில் நிற்கிறது என்றால், நான் மெயின் த்ரெட்டின் நிரலைத் தொடவே மாட்டேன். நேராக வொர்க்கருக்குப் போய்விடுவேன்.

அளவீட்டு அலகில் மட்டும் கவனம் தேவை. லினக்ஸில் நானோநொடி, மேக்கில் மைக்ரோநொடி, விண்டோஸில் சிபியூ சுழற்சிகளாக இருக்கலாம். சுழற்சிகளை நேரமாக மாற்ற முயல வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. அதனால் விண்டோஸில் எடுத்த பதிவையும் லினக்ஸில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிடுவதில்லை.

அப்புறம், வரைபடங்களில் எது எந்த த்ரெட் என்று தெரிய, த்ரெட்டுக்குப் பெயர் வையுங்கள். லினக்ஸில் பெயருக்கு 15 பைட்டுக்கு மேல் இடம் கிடையாது. ஆகவே வேறுபடுத்திக் காட்டும் சொல் முதலில் வரட்டும்.

சிபியூ நேரத்தால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. தூங்கும் த்ரெட், ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் வரிசையில் நிற்கும் த்ரெட், இரண்டுக்கும் கணக்கு பூஜ்யம்தான். ஆனால் தீர்வு வேறு வேறு: முதலாவதற்கு எதற்காகக் காத்திருக்கிறது என்று தேட வேண்டும், இரண்டாவதற்கு த்ரெட் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருக்கலாம். லினக்ஸ் கெர்னல் இந்த வரிசைக் காத்திருப்பை த்ரெட் வாரியாக ஸ்கெட்ஸ்டாட் (schedstat) கோப்பில் தனி எண்ணாகவே வைத்திருக்கிறது. பெர்ஃபெட்டோ (Perfetto) என்ற இன்னொரு பதிவுக் கருவியில் இரண்டு நிலைகளும் தனித்தனி நிறத்தில் தெரியும். கோர் பற்றாக்குறை என்று சந்தேகம் வந்தால் அதைத்தான் திறக்கிறேன்.