ஆறு வருடமாக விரல் வைக்கிறோம்: ஒரு ஹாட்வெயார் கடையின் வரவு மெஷின்

மட்டக்களப்பு நகரில் இருக்கும் என் ஹாட்வெயார் கடையில் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். 2019 தொடக்கத்தில் வரவு இடாப்பை மூடிவைத்துவிட்டு, 18,500 ரூபாய்க்கு ஒரு விரல் மெஷின் வாங்கிச் சுவரில் மாட்டினேன். இடாப்பின்படி எல்லோரும் எட்டு மணிக்கே வந்திருந்தார்கள், அதுதான் பிரச்சினை. மேலே எழுதினவர் 8.00 என்று போட்டிருக்கும்போது, அதற்குக் கீழே 8.25 என்று எழுத யாருக்குக் கை வரும்?

முதல் மாதம் மெஷினுக்குப் பயந்து எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். இரண்டாம் மாதம் பயம் போய்விட்டது. நான் ஒரு சட்டம் போட்டேன்: பத்து நிமிடம் மன்னிப்பு, அதற்கு மேல் மூன்று தடவை பிந்தினால் அரை நாள் சம்பளம் வெட்டு. வாங்கியதில் செய்த பிழை ஒன்றுமில்லை, இந்தச் சட்டம்தான் பெரிய பிழை. மூன்றாவது தடவை பிந்தப்போகிறது என்று தெரிந்தவர், எப்படியும் அரை நாள் போனதுதானே என்று வீட்டிலேயே நின்றுவிட்டு மத்தியானம் சாப்பிட்டு ஆறுதலாக வந்தார். இருபது நிமிடத்தைத் தடுக்கப்போய் நான்கு மணித்தியாலத்தை இழந்தேன்.

அதைவிடப் பெரிய அடி சம்பள நாளில் விழுந்தது. பெயின்ற் பகுதியில் நிற்கும் மூத்தவர் ஒருவர், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கெழுதிக் கொண்டு வந்து நின்றார். "முதலாளி, வந்த நேரத்துக்குக் காசு வெட்டுறீங்க, சரி. போன நேரத்தையும் மெஷின் எழுதுதுதானே?" என்றார். எழுதியிருந்தது. சீமெந்து லொறி வரும் நாட்களில் ஏழு மணி, ஏழே கால் என்று எல்லோருடைய விரலும் பதிந்திருந்தது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இடாப்பில் போகும் நேரம் என்று ஒரு நிரல் இருந்தும் யாரும் நிரப்புவதில்லை, நானும் கேட்பதில்லை. அந்த மாதம் பிந்தியதற்கு வெட்டியது 2,140 ரூபாய். ஓட்டியாக, அதாவது மேலதிக நேரக் காசாக, நான் கொடுத்தது அதைப்போல ஏழு மடங்கு. பிந்தி வருபவர்களைப் பிடிக்க வாங்கியது முதலில் என்னைத்தான் பிடித்தது.

வெட்டும் சட்டத்தை அன்றைக்கே கைவிட்டேன். பிறகு ஆறு மாதப் பதிவை பென் டிரைவில் எடுத்து, எக்செல்லில் ஆளாளாகப் பிரித்துப் பார்த்தேன். மெஷினால் எனக்குக் கிடைத்த உண்மையான பயன் இதுதான். மண்டூரிலிருந்து வரும் பொடியன் பிந்தும் நாட்கள் எல்லாம் காற்றும் மழையுமான நாட்கள். குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றும் மிதவையில், வாவியைக் கடந்து வந்துதான் அவன் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு பாதை தவறினால் பஸ்ஸும் தவறும். பில் போடும் பிள்ளை பிந்துவது பாடசாலை நடக்கும் நாட்களில் மட்டும், அதுவும் எப்போதும் 8.15க்கும் 8.20க்கும் இடையில். விடுமுறை மாதத்தில் 7.50க்கே வந்து நிற்பாள். செங்கலடிக்காரர் திங்கட்கிழமைகளில் பிந்துவார். அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், நான் எழுதவில்லை.

எங்கள் தொழிலில் காலை ஏழரைக்கு மேசன்மார் வந்துவிடுவார்கள். சீமெந்தும் கம்பியும் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற அவசரம் அவர்களுக்கு. அந்த நேரத்துக்குத் தேவைப்படுவது மூன்று பேர். டையில்ஸ் பார்க்கக் குடும்பமாக வருகிறவர்கள் பத்து மணிக்குப் பிறகுதான் வருவார்கள். ஆக, பதினொரு பேரும் எட்டு மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று நான் ஏன் அடம்பிடித்தேன்? மூன்று பேருக்கு ஏழரை, பில் போடும் பிள்ளைக்கு எட்டரை, மண்டூர்ப் பொடியனுக்கு ஒன்பது என்று மாற்றினேன். ஒன்பதுக்கு வருகிறவன் மாலை லொறியை இறக்கி முடிக்கும்வரை நிற்கிறான். ஓட்டிச் செலவும் பாதியாகக் குறைந்தது. செங்கலடிக்காரர் மட்டும் இன்னும் திங்கட்கிழமைகளில் பிந்துகிறார்.

மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் காத்தான்குடித் தம்பிமார் இருவரும் போகும்போது விரல் வைத்தால், அதோடு அன்றைய வேலை முடிந்தது என்று மென்பொருள் கணக்குப் போட்டது. இடைவேளைப் பதிவைத் தனியாக அமைக்க வேண்டும் என்று தெரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. 2020 கொரோனா காலத்தில் ஒரே கண்ணாடியில் எல்லோரும் விரல் வைப்பது சரியில்லை என்று துணி போட்டு மூடிவிட்டோம். 2022 மின்வெட்டுக் காலத்தில் இன்னொரு கூத்து. நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லை, உள்ளே இருந்த பட்டன் பற்றரியும் செத்துப்போயிருந்தது. கரண்ட் வந்து பார்த்தால் திகதி 2000 ஜனவரி 1 என்று காட்டியது. ரவுட்டருக்கு வைக்கும் மினி யூபிஎஸ் ஒன்றை வோல்ற்றேஜ் பார்த்து வாங்கி மாட்டினேன், இதுவரை தொல்லை இல்லை. வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்தே வாங்குங்கள். மாரியில் நனைந்து வரும் விரலையும் அது எடுக்காது, பக்கத்தில் ஒரு துவாய் தொங்க வேண்டும்.

தீராத பிரச்சினை ஒன்றுதான். சீமெந்து மூட்டை தூக்கும் வவுணதீவு ஐயாவின் விரல்களில் ரேகையே இல்லை, தேய்ந்துபோய்விட்டது. பத்து விரலையும் பதிந்து பார்த்தோம், ஒன்றும் ஏறவில்லை. இலக்கம் அழுத்தும் வழி இருக்கிறது, ஆனால் அந்த இலக்கத்தை வேறு யாரும் அழுத்தலாம் என்பதால் அவரே வேண்டாம் என்றுவிட்டார். அவருக்காகப் பழைய இடாப்பு இன்னும் மேசை லாச்சியில் இருக்கிறது. தினமும் ஒரே ஒரு பெயர். 7.10, 7.05, 7.10 என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறார். கடைத் திறப்பு அவரிடம்தான் இருக்கிறது.